விசுவாச அறிக்கை இல்லாத சபையில் வழிபாடு: யூனிட்டேரியன் சபை வாழ்க்கை குறித்து

இன்னதை நம்புகிறேன் என்ற விசுவாச அறிக்கை எதையும் சொல்லச் சொல்லாத, கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த ஒரு யூனிட்டேரியன் சபையில் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடக்கிறது, கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் அருகருகே உட்கார்ந்து எதை வழிபடுகிறார்கள், இப்படிப்பட்ட கூட்டம் எதனால் கலைந்துபோகாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்வியே முக்கியமானது என்பதால் அதற்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. எதை நம்புவது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி மட்டும் அவர்கள் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். வழிபாட்டு முறை, குழந்தைகளின் வகுப்பு, போதகரைத் தேர்ந்தெடுப்பது, பணம் திரட்டுவது, துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என எல்லாமே அந்த உடன்படிக்கையிலிருந்துதான் கிளைக்கின்றன. யூனிட்டேரியன்கள் பல நாடுகளில் இருந்தாலும், நீங்கள் கேட்கும் அளவுக்குத் தாராளமான சபைகள் அமெரிக்காவில்தான் மிகுதி என்பதால் அவற்றையே முன்வைத்து எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவக் கோட்பாட்டுக்கு வேதாகமத்தில் ஆதாரமில்லை என்று வாதிட்ட கிறிஸ்தவர்களுக்கு வழங்கிய பெயர்தான் யூனிட்டேரியன். அந்தக் கருத்துக்காக ஸ்பானிய இறையியலாளர் மிகேல் செர்வேட்டஸ் 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1568இல், இன்றைய ருமேனியாவில் உள்ள திரான்சில்வேனியாவின் டோர்டா நகரில் கூடிய நாட்டு மன்றம், விசுவாசம் கடவுள் தரும் கொடை என்பதால் அதன்பொருட்டு யாரையும் துன்புறுத்தலாகாது, எந்தப் போதகரின் பிரசங்கம் தங்களுக்கு ஏற்றது என்பதை ஊர்ச் சபைகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. அதற்கு வழிவகுத்த போதகர் ஃபிரான்சிஸ் டேவிட், ஆதரித்த மன்னர் இறந்த பின் தண்டிக்கப்பட்டு 1579இல் தேவா கோட்டைச் சிறையில் உயிர்விட்டார். பாஸ்டன் நகரின் கிங்ஸ் சேப்பல் என்ற ஆலயம் 1785இல் தன் ஜெப நூலிலிருந்து திரித்துவ வாசகங்களை நீக்கியது. 1819இல் பால்டிமோரில் போதகர் வில்லியம் எல்லரி சானிங் ஆற்றிய பிரசங்கம் அமெரிக்க யூனிட்டேரியன்களுக்குத் தெளிவான முகம் கொடுத்தது. 1825இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம் உருவாயிற்று. நித்திய நரகம் என்று ஒன்று இல்லை, அன்பே உருவான கடவுள் முடிவில் எல்லோரையும் மீட்பார் என்று போதித்த யூனிவர்சலிஸ்டுகளும் இவர்களும் 1961இல் ஒரே சங்கமாக இணைந்தார்கள். இன்று அதில் சுமார் ஆயிரம் சபைகள் இருக்கின்றன.

இதில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்து சென்று திரும்பிய தமிழரான வில்லியம் ராபர்ட்ஸ், பிரீஸ்ட்லி, லிண்ட்சே ஆகிய ஆங்கிலேய யூனிட்டேரியன் போதகர்களின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டு 1795இல் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கென ஓர் ஆலயம் எழுந்தது. அமெரிக்கச் சங்கம் அதைவிட முப்பது ஆண்டு இளையது. மேகாலயாவின் ஜோவாயில் 1887இல் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் தொடங்கிய, காசி பழங்குடி மக்களின் யூனிட்டேரியன் இயக்கம், கடவுளைத் தந்தையும் தாயுமாக விளித்து வழிபட்டு இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. காசி மலையிலும் திரான்சில்வேனியாவிலும் ஒரே கடவுள் மீதான நம்பிக்கை உறுதியாக நிற்க, அமெரிக்கச் சபைகள் வேறு திசையில் வெகுதூரம் வந்துவிட்டன. அங்கே ஒரே வரிசையில் கிறிஸ்தவரும் யூதரும் பௌத்தத் தியானம் செய்பவரும் கடவுள் மறுப்பாளரும் உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி.

இனி ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருகிறேன். வந்தவர்கள் உட்கார்ந்து, பியானோ ஓய்ந்ததும், ஒருவர் முன்னால் வந்து சிறு மேசைமேல் இருக்கும் கிண்ணத்தில் சுடர் ஏற்றுவார். பெரும்பாலான சபைகளில் சிலுவை இருக்கும் இடத்தில் இருப்பது இந்தச் சுடரேந்திய கிண்ணமே. இந்தச் சின்னம் பிறந்தது ஆலயத்தில் அல்ல, அகதிகள் அலுவலகத்தில். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர்களுக்கு லிஸ்பனிலிருந்து உதவிக்கொண்டிருந்த யூனிட்டேரியன் சேவைக் குழு, தன் ஆவணங்களுக்கு அதிகாரபூர்வமான தோற்றம் தரும் முத்திரை ஒன்று வேண்டும் என்று கேட்க, தானே அகதியாக வந்திருந்த ஹான்ஸ் டாய்ட்ச் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1941இல் அதை வரைந்து கொடுத்தார். வழிபாட்டுப் பொருளாக அது மாறியது பிற்பாடுதான். உயிர் காக்கும் காகிதங்களில் குத்தப்பட்ட ஒரு முத்திரை இன்று பீடத்தில் எரிகிறது என்பதை அறிந்த பிறகு, அந்தச் சுடரை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

சுடர் ஏற்றியதும் எல்லோரும் எழுந்து சபையின் உடன்படிக்கையைச் சேர்ந்து சொல்வார்கள். ஒவ்வொரு சபையும் தனக்கென எழுதிக்கொண்ட வாசகம் இருக்கும். ஆயினும் 1894இல் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் சபைக்காக ஜேம்ஸ் விலா பிளேக் எழுதியது பல இடங்களில் வழங்குகிறது. அன்புதான் இந்தச் சபையின் ஆவி, சேவைதான் இதன் சட்டம், சமாதானமாகச் சேர்ந்து வாழ்வதும் அன்போடு உண்மையைத் தேடுவதும் ஒருவருக்கொருவர் உதவுவதுமே நம் உடன்படிக்கை என்பது அதன் சாரம். கவனித்தால், இதில் கடவுளைப் பற்றியோ மறுமையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதே சமயம், வாரம் தவறாமல் வாயால் சொல்லி நிறைவேற்ற வேண்டிய கடமை இதில் நிறையவே இருக்கிறது.

பாட்டுகள் 1993இல் வந்த சாம்பல் நிற அட்டைப் பாடல் நூலிலிருந்து பெரும்பாலும் பாடப்படும். பழைய சீர்திருத்தக் கிறிஸ்தவ மெட்டுகளும், கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களும், தாகூரின் வரிகளும் ஒரே அட்டைக்குள் கிடக்கும். பிறகு சிறுவர்களை முன்னால் அழைத்து ஒரு கதை. கதை முடிந்ததும் அவர்கள் வகுப்புக்குப் போக, பெரியவர்கள் பாடி வழியனுப்புவார்கள்.

அதன்பின் வருவதுதான் என் பார்வையில் இந்த வழிபாட்டின் நெஞ்சு. மகிழ்ச்சிகளையும் துயரங்களையும் பகிர்ந்துகொள்ளும் நேரம் என்று அதைச் சொல்வார்கள். மணல் நிரப்பிய அகன்ற பாத்திரம் ஒன்று முன்னால் இருக்கும். பக்கத்தில் மெல்லிய மெழுகுவத்திகள். விரும்பியவர் எழுந்து வந்து, கிண்ணத்துச் சுடரிலிருந்து ஒன்றை ஏற்றி, தன் செய்தியை இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மணலில் நட்டுவைப்பார். முதியவர் ஒருவர், மறதி நோய் முற்றிய மனைவியைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு வீட்டில் தனியாக இருக்கும் முதல் வாரம் இது என்று சொல்வார். கை நடுங்குவதால் மெழுகுவத்தி சாய்ந்து, இரண்டாம் முறை அழுத்திய பிறகே நிற்கும். அவருக்கு அடுத்து வரும் சிறுமி, தனக்கு முதல் பல் விழுந்ததை எல்லோருக்கும் வாய் திறந்து காட்டுவாள். யாரும் பதில் சொல்வதில்லை, ஆறுதல் வாக்கியமோ அறிவுரையோ வழங்குவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே சபையின் வேலை. கடைசி மெழுகுவத்தி, சொல்ல முடியாமல் மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக ஏற்றப்படும். பின்பு சில நிமிட மௌனம். அன்று அந்த முதியவரோடு காப்பி குடிக்கும் நேரத்தில் யாராவது வந்து பேசுவார்கள் என்பதும், அந்த வாரத்திலேயே அவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவார் என்பதும், அவர் எழுந்து பேசியதால்தான் நடக்கின்றன.

இந்தப் பகுதியைச் சில சபைகள் கைவிட்டு, செய்திகளை முன்கூட்டியே அட்டையில் எழுதி வாங்கிப் போதகரே வாசிக்கும் முறைக்கு மாறிவிட்டன. பேச வந்தவர் அரசியல் உரை நிகழ்த்திவிடுவதும், வழிபாடு இணையத்தில் ஒளிபரப்பாகும்போது பிறர் நோய் விவரம் வெளியே போய்விடுவதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். காரணங்கள் நியாயமானவையே. எனினும் வேறொருவர் வாசிக்கும்போது அந்த நடுங்கும் கை இல்லாமல் போகிறது; நேரக் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாகச் சொல்லி, ஒளிபரப்பை அந்த நேரத்துக்கு நிறுத்திவைத்தாவது பழைய முறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் எண்ணம்.

அடுத்து காணிக்கை, பின்பு பிரசங்கம். தன் மனச்சாட்சி உண்மை என்று காட்டுவதைப் பேசப் போதகருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. கேட்பவருக்கு அதை மறுக்கும் சுதந்திரமும் அதே அளவுக்கு உண்டு. பிரசங்கத்துக்குப் பிறகு தனி அறையில் கூடி அதைப் பற்றி விவாதிக்கும் வழக்கம் சில சபைகளில் இருக்கிறது. அன்றைய வாசிப்பு வேதாகமத்தின் ஏசாயாவிலிருந்தும் இருக்கலாம், பௌத்தரின் தம்மபதத்திலிருந்தும் இருக்கலாம், வாழும் கவிஞர் ஒருவரின் கவிதையாகவும் இருக்கலாம்.

அப்படியானால் இவர்கள் எதை வழிபடுகிறார்கள் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லாச் சபைக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. கிங்ஸ் சேப்பலில் இன்றும் திருத்தப்பட்ட ஜெப நூலைக் கொண்டு கிறிஸ்தவ முறையில் ஆராதனை நடக்கிறது. கடவுளைச் சாராமல் மனிதரையே முன்னிறுத்தி 1933இல் வெளியான மனிதநேய அறிக்கையில் யூனிட்டேரியன் போதகர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். அந்த மரபில் வளர்ந்த சபைகளில் கடவுள் என்ற சொல்லே அபூர்வமாகத்தான் ஒலிக்கும், ஜெபத்தின் இடத்தில் தியானம் இருக்கும். இரண்டு மரபினரும் கலந்த சபைகளில் போதகர் உயிரின் ஆவியே, அன்பின் ஊற்றே என்று விளித்து ஜெபிப்பார். அதில் கடவுளைக் காண்பவர் காண்பார், காணாதவர் மௌனமாகத் தன் நெஞ்சைப் பார்ப்பார். இது எப்போதும் சுமுகமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். பயபக்தியின் மொழியை நாம் மீட்டுக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தின் அன்றைய தலைவர் வில்லியம் சிங்க்ஃபோர்ட் 2003இல் பேசியபோது, மனிதநேய மரபினர் பலர் கொதித்துப்போனார்கள். மதம் தந்த காயத்தோடு வந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் காயத்தைக் கிளறின. கடவுளைத் தேடி வந்தவர்களுக்கோ அந்தச் சொற்கள் இல்லாத வழிபாடு வறண்டு கிடந்தது. இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் அந்த விவாதத்தை நடத்தியதும், பெரும்பாலோர் தொடர்ந்து வழிபாட்டுக்கு வந்ததும், உடன்படிக்கை என்பது செயலில் எப்படியிருக்கும் என்பதற்கு நல்ல சான்று.

ஆண்டுச் சடங்குகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிராகா நகரில் நார்பெர்ட் சாபெக் என்ற போதகர் நடத்திய சபைக்கு வந்தவர்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகியவர்கள். அப்பமும் திராட்சரசமும் கொண்ட நற்கருணை அவர்களுக்கு ஒட்டவில்லை. அவர்களைச் சேர்த்துப் பிடிக்க வேறொரு சடங்கு தேவை என்று யோசித்த சாபெக், 1923 ஜூனில் மலர் வழிபாட்டை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொருவரும் ஒரு பூ கொண்டுவந்து பொதுக் குடுவையில் வைக்க வேண்டும். வழிபாடு முடிந்து போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. சாபெக் 1941இல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவால் கைது செய்யப்பட்டு, டாஹவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, 1942இல் ஹார்ட்ஹைம் மாளிகையில் நச்சுப் புகையால் கொல்லப்பட்டார். அவர் மனைவி மாயா 1940இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் சபைக்கு இந்தச் சடங்கைக் கொண்டுவந்திருந்தார்; இன்று அமெரிக்கச் சபைகள் பலவற்றில் கோடை தொடங்கும் வேளையில் இது நடக்கிறது. தோட்டத்து ரோஜாவும், கடையில் வாங்கிய லில்லியும், வரும் வழியில் சிறுவன் பிடுங்கிய மஞ்சள் களைப்பூவும் ஒரே குடுவையில் இருக்கும். மறந்து வந்தவர்களுக்காகச் சபையே ஒரு வாளி நிறையப் பூ வைத்திருக்கும். எது யாருடையது என்று தெரியாமல் எடுத்துச் செல்வதில்தான் அதன் பொருள் இருக்கிறது. செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள் தாங்கள் இருந்த இடங்களிலிருந்து சிறிது நீர் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் ஊற்றும் நீர் வழிபாடும் உண்டு. அது 1980இல் மிச்சிகனில் நடந்த பெண்கள் மாநாட்டில் பிறந்தது.

சபை வாழ்க்கை ஞாயிறோடு முடிவதில்லை. எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள் மாதம் ஒன்றிரண்டு முறை ஒருவர் வீட்டிலோ சபை அறையிலோ கூடும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது அங்கே விதி. பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவர்களே மேலோங்கும் படித்தவர் கூட்டத்தில் இந்த விதி எத்தனை பேருக்கு முதன்முறையாக வாய் திறக்க இடம் கொடுத்திருக்கிறது என்பதை உடனிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ சாவோ நேர்ந்த வீட்டுக்கு யார் எந்த நாள் சமைத்துக் கொண்டுபோவது என்று பட்டியல் போட ஒரு குழு இருக்கும்.

குழந்தைகளுக்கு வேதாகமக் கதைகளோடு பிற சமயங்களும் சொல்லித்தரப்படுகின்றன. பதின்ம வயதில் அவர்கள் ஓராண்டுப் பயிற்சி பெற்று, தாங்கள் எதை நம்புகிறோம் என்று தாங்களே எழுதிச் சபை முன் வாசிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையன் மேடையேறி, தனக்குக் கடவுள் இருப்பதாகத் தோன்றவில்லை, ஆனால் பாட்டி இறந்த அன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது உதவியது என்று வாசித்தால், பெரியவர்கள் அவனைத் திருத்த முற்படுவதில்லை. எழுந்து நின்று ஏற்றுக்கொள்கிறார்கள். இதைவிடக் கடினமான சோதனை ஒரு தாராளச் சபைக்கு இல்லை, ஏனெனில் ஒரு பெண் அதே மேடையில் இயேசுவே என் ஆண்டவர் என்று வாசித்தாலும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

ஆட்சிமுறையில் பிஷப்போ மேலிடமோ இல்லை. 1648ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் ஒழுங்குமுறை என்னும் சபை விதித்தொகுப்பிலிருந்து வரும், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் மரபுப்படி, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்கிறது. போதகரைத் தேடுவது உறுப்பினர் குழு. அழைப்பது உறுப்பினர் வாக்கு. குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரமும் சபைக்கே உரியது. 1863இல் ஒலிம்பியா பிரவுன் என்ற பெண் யூனிவர்சலிஸ்ட் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். இன்று போதகர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். போதகரின் சம்பளம், கூரைப் பழுது, குளிர்காலச் சூடேற்றும் செலவு எல்லாமே உறுப்பினர்கள் ஆண்டுதோறும் எழுதிக்கொடுக்கும் வாக்குறுதித் தொகையிலிருந்துதான் வரவேண்டும். வெளியிலிருந்து யாரும் மீட்க வரமாட்டார்கள் என்பதால், வரவுசெலவு விவாதிக்கும் ஆண்டுக் கூட்டம் நீளும், சலிப்பூட்டும், சில வேளை சூடாகும். அதையும் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்; சேர்ந்து பாடுவதற்கு வருகிறவர்கள் சேர்ந்து கணக்குப் பார்க்கவும் வரத்தான் வேண்டும்.

வெளியுலகில் நீதிக்காக நிற்பது இவர்களுக்கு வழிபாட்டின் நீட்சி. 1965இல் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் சென்ற போதகர் ஜேம்ஸ் ரீப் அடித்துக் கொல்லப்பட்டார்; அதே மாதம் டெட்ராய்ட் சபை உறுப்பினர் வயோலா லியூஸோ சுட்டுக் கொல்லப்பட்டார். 2004 மே 17 அன்று மாசசூசெட்ஸில் ஒருபால் திருமணம் சட்டமானபோது, அதற்காக வழக்குத் தொடுத்த இணைகளில் ஓர் இணைக்குப் பாஸ்டனில் உள்ள சங்கத் தலைமையகத்திலேயே திருமணம் நடந்தது. இந்தப் பெருமைகளோடு ஒரு தோல்வியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 1968இல் கறுப்பின உறுப்பினர்களின் மன்றத்துக்கு நான்கு ஆண்டுகளில் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சங்கத்தின் பொதுப்பேரவை வாக்களித்தது; பின்பு அந்த வாக்கு முழுமையாக நிறைவேற்றப்படவில்லை, 1969 பேரவையிலிருந்து பலர் வெளியேறினார்கள், அவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. இன்றும் இந்தச் சபைகளில் பெரும்பான்மை படித்த, நடுத்தர வர்க்க வெள்ளையர்கள்தான். வாக்கினால் கட்டப்பட்ட சமூகத்தில் வாக்குத் தவறுவது மற்ற எந்தக் குற்றத்தையும்விட ஆழமாக வெட்டும்; அந்தக் காயம் இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

எதையும் நம்பலாம் என்றால் இது சமயமா, மன்றமா என்று கேட்பவர்கள் உண்டு. எதையும் நம்பலாம் என்பது உண்மையன்று. பிற மனிதரின் மதிப்பை மறுக்கும் நம்பிக்கையோடு அந்த உடன்படிக்கையை வாயால் சொல்ல இயலாது. 1985இல் ஏற்கப்பட்ட ஏழு கொள்கைகள் ஒவ்வொரு மனிதரின் மதிப்பிலும் கண்ணியத்திலும் தொடங்கின. 2024இல் அவற்றின் இடத்தில், அன்பை மையத்தில் வைத்து, நீதி, சமத்துவம், மாற்றம், பன்மை, சார்ந்து வாழ்தல், ஈகை என்னும் விழுமியங்களைச் சங்கம் ஏற்றது. இரண்டிலும் மனிதர் ஒருவரையொருவர் நடத்தும் விதமே அளவுகோலாக இருக்கிறது.

நீங்கள் நேரில் போய்ப் பார்க்க நினைத்தால் முன்னனுமதி எதுவும் தேவையில்லை. உங்கள் சமயத்தை விட்டு வரும்படி யாரும் கேட்கமாட்டார்கள், ஞானஸ்நானமும் கிடையாது. சில மாதங்கள் வந்து பழகிய பிறகு சேர விரும்பினால், புதியவர் வகுப்பில் உட்கார்ந்து, சபையின் உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்திட்டால் போதும். பழைய சபைகளில் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையவையாக இருக்கும். கையெழுத்திட்ட நாளிலிருந்து உங்களுக்கு வாக்குரிமை வரும், அதோடு அந்த ஆண்டின் நிதிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று எழுதிக்கேட்கும் அட்டையும், துக்க வீட்டுச் சமையல் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் வரும்.